மாமியார் கேட்ட தனி டிரைவ்

"எனக்குத் தனியா ஒரு டிரைவ் வேணும். அதுல லினக்ஸ் போட்டுக் குடு."

மாமியார் இதைச் சொன்னதும் மகனுக்கு டீ புரையேறிவிட்டது.

"என்னது?"

"அதான்டா, உன் விண்டோஸ் மாதிரி இன்னொண்ணு. ஒரே கம்ப்யூட்டர்ல ரெண்டும் இருக்கலாமாமே."

"உனக்கு எதுக்கும்மா அதெல்லாம்?"

"சீட்டு விளையாட."

"சீட்டு விண்டோஸ்லயே இருக்கே!"

"அது உன் சீட்டு. எனக்கு என் சீட்டு வேணும்."

சமையலறையில் பாத்திரம் ஒன்று நங்கென்று சத்தம் போட்டது. கீழே விழவில்லை. மருமகள் அதை வைத்த விதம் அப்படி.

பின்னே என்ன, கொஞ்சவா முடியும்? இதே தனி டிரைவை அவள் மாசக் கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். சீட்டு விளையாட இல்லை, வேலைக்கு. நில அளவை அலுவலகம் ஒன்று, வீட்டிலிருந்தே வரைபடம் போட்டுக் கொடுக்க ஆள் தேடுகிறது. அவர்களுடைய மென்பொருள் லினக்ஸில்தான் ஓடும். திங்கட்கிழமைக்குள் மாதிரி வரைபடம் போய்ச் சேராவிட்டால் அந்த வேலை வேறு யாருக்கோ.

முன்பெல்லாம் ஒரே டிரைவை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் தன் லினக்ஸை வைத்திருந்தாள். கேம் திணறுகிறது என்று ஒரு நாள் அவன் விண்டோஸைப் புதிதாகப் போட்டான். போட்ட வேகத்தில் அவள் பாதியையும் சேர்த்துத் துடைத்துவிட்டான். வரைந்து வைத்ததெல்லாம் போயே போச்சு.

"தெரியாம நடந்துடுச்சு, விடேன்" என்றான். அதோடு சரி.

அன்றிலிருந்துதான் தனி டிரைவ் வேண்டும் என்கிறாள். அவனிடம் பதிலுக்கா பஞ்சம்? பெட்டியைத் திறந்தால் வாரண்டி போயிடும். கம்ப்யூட்டர் சூடாகும். அடுத்த மாசம் பார்க்கலாம்.

அம்மா கேட்டாரோ இல்லையோ, அன்று சாயங்காலமே டிரைவ் வந்து இறங்கிவிட்டது. ஸ்க்ரூடிரைவரும் கையுமாகப் பெட்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான் மகன்.

"வாரண்டி போயிடாதா?" என்றாள் மருமகள், கதவோரம் நின்றபடி.

"அம்மா ஆசைப்பட்டுக் கேக்கறாங்க. இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா எப்படி?"

"நல்லா இருக்குங்க நியாயம்! இந்த வீட்டுல வேலைக்கு இல்லாத மரியாதை சீட்டுக்கட்டுக்கு இருக்கு."

மாமியார் அசரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மகன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முதல்ல உன் டிரைவோட வயரைக் கழட்டு."

"எதுக்கும்மா? அது பாட்டுக்கு இருக்கட்டுமே."

"கழட்டுன்னா கழட்டு. பழசையும் மாட்டி வச்சுக்கிட்டே புதுசுல லினக்ஸ் போட்டா, கம்ப்யூட்டரைக் கிளப்பி விடுற சமாச்சாரம் உன் டிரைவ்ல போய் உக்காந்துக்கும். நாளைக்கு நீ உன்னுதைத் துடைச்சா என்னுதும் கிளம்பாது. ரெண்டுக்கும் ஒட்டும் வேண்டாம், உறவும் வேண்டாம்."

மகன் அண்ணாந்து பார்த்தான். "இதெல்லாம் உனக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தா?"

"சண்டை போடுறப்போ சத்தமாத்தானே போடுறீங்க? என் காது நல்லாத்தான் கேக்குது."

மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தனையும் அவள் சொன்ன வார்த்தை. அவள் தொண்டை வறளச் சொன்னபோது யார் காதிலும் ஏறவில்லை. இப்போது அதை வைத்து அத்தை சீட்டு விளையாடப் போகிறார்!

வயர் கழன்றது. புது டிரைவில் லினக்ஸ் ஏறியது. பாஸ்வேர்ட் கேட்டதும் மாமியார் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நீ அந்தப் பக்கம் திரும்பு."

"என்கிட்டகூட மறைக்கணுமா?"

"உன்கிட்டதான் மறைக்கணும்."

ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். மகன் பழைய வயரையும் மாட்டிப் பெட்டியை மூடினான்.

"ஆன் பண்ணினதும் எஃப்12 அமுக்கும்மா. எந்த டிரைவ்னு கேக்கும், உன்னுதைத் தேர்ந்தெடுத்துக்க. போதுமா?"

"போதும். இனிமே இதுல யாரும் கை வைக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

அது தனக்குத்தான் என்று மருமகளுக்குப் பட்டது. சரிதான் போங்கள் என்று திரும்பி நடந்தாள்.

"எங்க போறே? இங்க வந்து உக்காரு."

"எனக்குச் சீட்டு விளையாடத் தெரியாது அத்தை."

"எனக்கு மட்டும் தெரியுமா என்ன?" மாமியார் எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். "உன் பேரைத்தான் பாஸ்வேர்டா போட்டிருக்கேன். அப்புறமா நல்லதா மாத்திக்க. திங்கட்கிழமைக்குள்ள முடிச்சுடுவியா?"

மருமகள் திரும்பி வந்தாள். தலையை ஆட்டினாள். ஆட்டியபடியே உட்கார்ந்தும் விட்டாள்.

மகன் முகம் சிவந்தது. "அம்மா! சீட்டு விளையாடன்னு சொல்லித்தானே கேட்டே? அப்போ அது பொய்யா?"

"பொய்தான்டா. அவ மாசக் கணக்கா உண்மையைச் சொல்லிக் கேட்டா, உனக்குப் பெட்டியைத் திறக்க மனசு வரல. நான் ஒரே ஒரு பொய் சொன்னேன், ஓடிப் போய் வாங்கிட்டு வந்தே. இந்த வீட்டுல எது செல்லுபடியாகுதோ, அதைத்தானேடா சொல்ல முடியும்?"