தடைசெய்யப்பட்ட சுருள்

“மெஷினை ஓட்டினீங்கன்னா என் கையும் சேர்ந்து உள்ள போகும்.”

காகிதம் நுழையும் இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள் அவள். மெஷின்காரர் சுவிட்சிலிருந்து விரலை எடுத்துவிட்டார். பாடப்புத்தக அச்சகத்தில் இருபது வருடமாகப் பிழை திருத்துகிறவளின் பிடிவாதம் அவருக்குத் தெரியும்.

எட்டாம் வகுப்பு அறிவியல், நான்காம் பதிப்பு. தென்வானத்தில் வெகு தொலைவில் இருக்கும் ஒரு விண்மீன் மண்டலத்தின் படம். நடுவில் ஒளி நேராகப் பட்டை போட்டிருந்தது. பட்டையின் இரண்டு முனைகளிலிருந்தும் இரண்டு கைகள் சுருண்டு கிளம்பின. கண்ணை எடுக்க முடியாத அழகு.

கீழே பெரிய எழுத்தில், ‘தடைசெய்யப்பட்ட சுருள் மண்டலம்.’

பட்டைச் சுருள் என்று இருந்திருக்க வேண்டும். ஆங்கிலத்து ‘பார்’ பட்டையும் ஆகும், தடையும் ஆகும். மொழிபெயர்ப்பில் தடையாகிவிட்டது.

மூன்று பதிப்பு இப்படியே போயிருக்கிறது. இன்று காலை வந்த கடிதத்தில்தான் குட்டு வெளிப்பட்டது. அங்கே ராக்கெட் விடக் கூடாதென்று சட்டம் இருப்பதாக ஒரு வாத்தியார் வகுப்பில் விளக்கமே சொல்லிவிட்டாராம். பிள்ளைகள் அதைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறார்கள்.

மேலாளர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“சாராயக்கடைச் சுருள்னு போடாம விட்டாங்களேன்னு சந்தோஷப்படும்மா” என்று சிரிக்கப் பார்த்தார்.

அவள் சிரிக்கவில்லை.

அவர் குரலைத் தாழ்த்தினார். பாடத்தைத் திருத்தினால் கூடவே திருத்தச் சீட்டும் போக வேண்டும். சீட்டில் மொழிபெயர்த்தவர் பெயர் வர வேண்டும். பெயர் வந்தவருக்கு அன்றோடு இங்கே வேலை இல்லை. எழுதி வைத்த விதி அது.

“ஒரு குடும்பத்து வயித்துல அடிக்கணுமா? உனக்குத் தெரியாததா?”

அவளுக்கு நன்றாகவே தெரியும். கையை மட்டும் எடுக்கவில்லை.

“ஆறு கோடி வருஷமா வந்துக்கிட்டிருக்கு சார் அந்த வெளிச்சம். உள்ளே வராதேன்னு நாம போர்டு மாட்டறதா?”

மேலாளர் சீட்டை மேஜைமேல் வைத்தார். பேனாவைத் திறந்தவர், எழுத மனம் வராமல் மூடிவிட்டார்.

“முதல் பதிப்புக்கு மொழிபெயர்த்தது நான்தானே சார்” என்று அவள் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

மொழிபெயர்த்தவர் என்ற கட்டத்தில் தன் பெயரை இனிஷியலோடு, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள்.