கிடை எரிந்த மேடு

ஆதியில் மாடு மேய்த்தவர்கள் பட்டி போட்டுச் சாணத்தை எரித்த சாம்பல் மேடு அது, இனி ஒரு கூடை மண்கூட எடுக்கக் கூடாது என்று தொல்லியல் அதிகாரி சொன்னதும், அங்கே மனை போட இருந்த சொக்கையா ஓடிவந்து அவரை மறித்தான்.

"பழசெல்லாம் இல்ல சார். இந்தச் சீனியம்மா ஆட்டுக்கிடை எரிஞ்ச சாம்பல்தான். நீயே சொல்லு தாயி."

அவன் அவளைத் தாயி என்றது இன்றுதான். மேட்டை விட்டுப் போகமாட்டேன் என்று அவள் சொன்னதற்கு அவன் கிடைக்கு வைத்த தீயில் ஒரு குட்டிகூட மிஞ்சவில்லை. உருகிப்போன ஆட்டுமணியை ஊர்க்கூட்டத்தில் காட்டி அவள் அழுதபோது, அங்கே கிடையே இருந்ததில்லை என்று கோயில் வாசலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தான்.

"அப்படியாம்மா?" என்றார் அதிகாரி.

"இங்க ஏதுங்கய்யா கிடை? முதலாளியே சூடம் அணைச்சுச் சொன்னாரே. அவரு பொய் சொல்லுவாரா?"

வேலிக்குக் கல் ஊன்றச் சொல்லி அதிகாரி திரும்பி நடந்தார். சீனியம்மாள் மடியை அவிழ்த்து, சொக்கையாவுக்கு மட்டும் தெரியும்படி அந்த மணியை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். அவன் கை நீண்டதும் மறுபடி முடிந்துகொண்டாள்.