முதல் டம்ளர் பாயசம்

அடுத்த வீட்டிலிருந்து நெய்யில் முந்திரி வறுக்கும் வாசனை வந்ததுமே வேம்புவுக்கு வேலை ஓடவில்லை. மயிலாப்பூரில் யாருக்கும் தெரியாமல் பாயசம் வைத்துவிட முடியுமா என்ன?

"என்ன அபயாம்பா மாமி, ரேஷன் சர்க்கரை மொத்தத்தையும் கொட்டிட்டேள் போலிருக்கே! நல்ல சமாசாரமா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள்.

"நல்ல சமாசாரம்தான்டி," என்ற அபயாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பவே நெனச்சேன். அஞ்சாறு மாசமா உங்க மாட்டுப்பொண் ஒதுங்கி உக்காரவே இல்லை. மூஞ்சி வேற உப்பிண்டு, ஓயாம வாந்தி. வாயைத் தெறக்க மாட்டேங்கறேளே! எங்கே நீலா?"

"கொல்லைலே இருக்கா."

கொல்லை அறையில் தனித் தட்டும் பாயுமாக நீலா ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். எட்டிப் பார்த்த வேம்பு கன்னத்தில் கை வைத்தாள்.

"அடப்பாவமே! கலைஞ்சுடுத்தா?"

"கர்ப்பமே இல்லைடி. லூபஸ்னு ஒரு வியாதி, கிட்னி வரைக்கும் போயிடுத்து. உசிரைக் காப்பாத்தின மருந்துதான் மூஞ்சியை ஊத வெச்சுது, தீட்டையும் நிறுத்திடுத்து. திரும்பி வரலாம், வராமலேயும் போகலாம்னுட்டார் டாக்டர். சின்னஞ்சிறுசு, இன்னும் ஒரு கொழந்தைகூடப் பொறக்கலை. பெருமாளேன்னு இருந்தேன். இன்னிக்குக் காலம்பற வந்து, 'அம்மா, நான் தூரம்'னு அழுதுண்டே சிரிக்கறா!"

சொல்லிக்கொண்டே, மடிப்புடவையில் இருந்த அபயாம்பாள் முதல் டம்ளர் பாயசத்தைத் தரையில் வைத்துத் தள்ளாமல், மருமகளின் கையைப் பிடித்துக் கொடுத்தாள்.

"ஐயோ மாமி, தொட்டுட்டேளே!"

"தொட்டேன்தான். இனிமே மாசாமாசம் தொட்டுட்டுக் குளிக்கறேன், போ!"