மிளகாய்ப்பொடி படாத நான்கு

பதினாறு இட்லியில் பன்னிரண்டுக்கு எண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவி முடித்த பிறகுதான் அவள் கை நின்றது.

மீதி நான்கும் தனி டப்பாவில் வெள்ளையாக உட்கார்ந்திருந்தன.

காரம் ஆகாத பிள்ளைக்கு எப்போதும் வெறும் இட்லி, நெய், சர்க்கரை. பாழும் கைக்கு இதெல்லாம் நன்றாக நினைவிருக்கிறது. பிள்ளை போய் எட்டு மாதம் ஆனது மட்டும் அதற்குத் தெரியவில்லை.

நிலவனுக்கு ஆறு வயது. மூன்று நாள் காய்ச்சல். நான்காம் நாள் அவன் இல்லை.

டப்பாவை மூடினாள். திறந்தாள். மறுபடியும் மூடினாள்.

வாசலில், மெல்பர்ன் வெயிலில், வாடகைக்கு எடுத்த கேம்பர் வேன் நின்றது. நான்கு படுக்கை, ஒற்றை அடுப்பு, முழங்கால் உயரத்துக்கு ஒரு ஃபிரிட்ஜ். படத்தைப் பார்த்து இந்த வண்டிதான் வேண்டும் என்றவன் அவன். மேல் படுக்கை எனக்கு என்று அக்காவிடம் சண்டை போட்டு வாங்கியும் வைத்திருந்தான்.

தாரிணி இன்று தன் தலையணையைக் கீழேதான் போட்டிருக்கிறாள்.

முதல் நாளுக்கு இட்லி. மறுநாளைக்குப் புளியோதரை. அப்புறம் வண்டியிலேயே சோறு பொங்கிப் பருப்புப்பொடி. தயிர் ஏற்கெனவே ஏறிவிட்டது.

எல்லாம் தயார். அவளுக்குத்தான் கால் வரவில்லை.

காலையில் ஈரோட்டிலிருந்து அம்மா போனில் சொன்னாள்.

"மூணு பேராப் பொறப்படாதீங்க கண்ணு. ஒரு கல்லையாச்சும் கூட எடுத்துக்கோங்க."

அவள் வீட்டு வழக்கம் அது. மூன்று பேராகப் பயணம் போகக் கூடாது. போனால் நான்காவது ஆளாக ஒரு கல். கல்யாணமான புதிதில் கொழுந்தனோடு ஊட்டிக்குக் கிளம்பியபோது அவள் பையில் ஒரு கல்லைப் போட்டுக்கொள்ள, "கல்லுக்கும் ஒரு டிக்கெட் போடுங்கண்ணா" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கண்டக்டரிடம் சொல்லி மானத்தை வாங்கினான் அவள் கணவன்.

அந்தக் கேலிக்குப் பயந்து அல்ல, அவனிடம் அவள் கல்லைப் பற்றிப் பேசாதது. கல் வேண்டுமென்றால் நாம் மூன்று பேர் என்று சொல்ல வேண்டும். பெற்ற வாய் அதை எப்படிச் சொல்லும்?

நான் வரவில்லை, நீங்கள் இரண்டு பேரும் போய்விட்டு வாருங்கள் என்று சொல்லிவிடலாம். அதுதான் சரி.

ஜன்னலுக்கு வெளியே புல்தரை. நிலவன் பந்து உதைத்துக் கோல் போட வைத்த இரண்டு கற்களையும் யாரும் எடுக்கவில்லை. எட்டு மாதமாக அவள் கணவன் அவற்றை நகர்த்தாமல் சுற்றிச் சுற்றித்தான் புல் வெட்டுகிறான்.

இன்று ஒரு கல்தான் இருந்தது.

இன்னொன்று குழாயடியில், அவன் கையில். மண் போகத் தேய்த்துக் கழுவினான். தன் சட்டையிலேயே துடைத்தான். வாசல் பக்கம் நடந்தான்.

அவள் டப்பாவும் கையுமாகப் பின்னாலேயே போனாள்.

வேனுக்குள் மேல் படுக்கையில் கல்லை வைத்து, உருண்டுவிடாமல் இருக்க சின்னப் போர்வையைச் சுற்றி அணை கொடுத்துக்கொண்டிருந்தான்.

திரும்பவில்லை. அப்படியே கேட்டான்.

"சர்க்கரை எடுத்துக்கிட்டியா?"

அவள் டப்பாவைக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இல்லீங்க. இருங்க, எடுத்துட்டு வந்தர்றேன்."