கொசு மேடம்

மாநகராட்சிப் புகார்ப் பிரிவில் வசுமதிக்குக் 'கொசு மேடம்' என்று பெயர். எதிர்வீட்டு எத்திராஜின் மொட்டைமாடியில் கிடந்த பழைய டயர்களில் தண்ணீர் தேங்குகிறது என்று அவள் புகார் செய்யாத மாதமே கிடையாது. போன வாரம்தான் ஒருவழியாக வந்து அள்ளிக்கொண்டு போனார்கள்.

இந்த வாரம் அவள் கணவர் கருணாகரனுக்கு நுரையீரலில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்தது.

"பயப்படாதீங்கம்மா. இதுக்கு மருந்தை இப்ப கொசுவுக்குள்ளயே ஏத்தி ஊரெல்லாம் விட்டிருக்காங்க. தினம் நாலு கடி வாங்குனா கட்டி கரைஞ்சிடும்" என்றார் டாக்டர்.

வசுமதி ஜன்னல் வலைகளைக் கிழித்தெறிந்தாள். கணவரைச் சட்டையில்லாமல் வாசலில் உட்காரவைத்தாள். பொழுது சாய்ந்தும் ஒரு கொசுகூட எட்டிப் பார்க்கவில்லை. வெட்கத்தை விட்டு எதிர்வீட்டுப் படியேறினாள்.

"எத்திராஜண்ணே, உங்க வீட்டுல கொசு இருக்குதா?"

"ஒண்ணுகூட இல்லம்மா! உன் புண்ணியத்துல இப்பதான் நிம்மதியா தூங்குறோம்."

வீட்டுக்கு வந்து போனை எடுத்தாள். குரலைக் கேட்டதுமே மறுமுனையில் இருந்தவர் சலித்துக்கொண்டார்.

"என்ன மேடம், மறுபடியும் கொசுவா?"

வசுமதி வாசலில் இருந்த கணவரைப் பார்த்தாள்.

"கொசு இல்லைங்க" என்றாள். "அதான் புகார்."