கோணல் லாரி

"எழுந்திரு, வீட்டுக்குப் போயிடலாம்" என்றார் அவர், மனைவியின் காதருகே குனிந்து.

"என்னங்க இது? டாக்டரம்மா பக்கத்து ரூமுக்குத்தானே போயிருக்காங்க. இதோ வந்துடுவாங்க."

"வர்றதுக்குள்ள போயிடலாம்னுதான் சொல்றேன்."

அவர் டைல்ஸ் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் அதிகாரி. யார் கண்ணுக்கும் தெரியாத கீறலை எட்ட நின்றே கண்டுபிடித்து, மொத்தப் பெட்டியையும் திருப்பி அனுப்பிவிடுவார். வீட்டுக்கு வந்தால் இன்னொரு பித்து. பெட்டிக்குள் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் கார்களையும் லாரிகளையும் வாங்கி, வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்து, உள்ளங்கை அகல அசல் வண்டிகளாக்கி நிறுத்திவிடுவார். வீட்டில் துணிமணி வைக்க இடம் இருக்கிறதோ இல்லையோ, வண்டிகளுக்குத் தனி அலமாரி உண்டு.

அப்படிப்பட்டவரின் வலது கை விரல்கள் கொஞ்ச நாளாக மரத்துப்போக ஆரம்பித்திருந்தன. போன வாரம் ஒரு லாரிக்குப் பக்கக் கண்ணாடி ஒட்டும்போது, இடுக்கியிலிருந்து அது நழுவி எங்கோ தெறித்தது. குடும்பமே தரையில் தவழ்ந்து தேடியும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் அதைப் பிடிக்கிற நிலைமையில் விரல்கள் இல்லை. அன்றைக்கு அவர் சுவர்ப் பக்கம் திரும்பி அழுததைப் பார்த்தும் பார்க்காதவள்போல மனைவி சமையலறைக்குள் போய்விட்டாள்.

மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், தள்ளிப்போட்டால் விரல்கள் சூம்பிவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இவர் சரி என்று தலையாட்டினால் நாளைக் காலையிலேயே முடித்துவிடலாம். தலையாட்டத்தான் இன்று வந்திருந்தார்.

"பயமா இருக்கா?" என்றாள் மனைவி.

"அங்க பாரு."

டாக்டரம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடி அலமாரி. அதில் கேடயங்களுக்கும் பட்டயங்களுக்கும் நட்டநடுவில் ஒரு சிவப்பு லாரி ராஜா மாதிரி நின்றிருந்தது.

"அட! உங்களை மாதிரியே அவங்களுக்கும் இந்தக் கிறுக்கு இருக்கு போல. நல்லதுதானே?"

"நல்லதா? நல்லாப் பாரு. முன் சக்கரம் ஒண்ணு தரையையே தொடலை. கதவோரம் பூரா பசை வழிஞ்சு கட்டிகட்டியா நிக்குது. கண்ணாடி பனி மூடின மாதிரி வெளுத்துக் கிடக்கு. பசையோட ஆவி பட்டா அப்படித்தான் ஆகும், சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பிளாஸ்டிக்கையே இந்த லட்சணத்துல ஒட்டுற கை, என் நரம்புல கத்தி வைக்கப் போகுதா?"

"பொம்மையும் ஆபரேஷனும் ஒண்ணாங்க?"

"பொம்மைன்னு சொல்லாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"குறை கண்டுபிடிக்க உங்களுக்குச் சம்பளம் குடுக்கிறது தொழிற்சாலையிலதான். இங்க யாரும் குடுக்கலை. பேசாம உட்காருங்க."

ரத்த அழுத்தம் பார்க்க நர்ஸ் உள்ளே வந்தாள். அவர் மெல்லத் தூண்டில் போட்டார். "அந்த லாரி அழகா இருக்கேம்மா."

"அதுவா சார்? டாக்டரம்மாவுக்கு உயிராச்சே! தூசி தட்டக்கூட எங்களை விட மாட்டாங்க. வாங்கின அவார்டு எல்லாத்தையும் விட அதுதான் பெருமைன்னு சொல்வாங்க."

நர்ஸ் பார்த்த அழுத்தம் அந்த நொடியே எகிறியது. "ஏன் சார் இப்படி ஏறுது?" என்று குழம்பியபடி அவள் வெளியே போனாள்.

"பெருமை வேறயாம்!" என்று எழுந்தவர், மரத்த கையால் மனைவியின் தோளைப் பிடிக்கப் பார்த்தார். பிடி நிற்கவில்லை. கதவு திறந்தது.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றார் டாக்டரம்மா.

கையும் களவுமாக மாட்டிக்கொண்டவர்போல அவர் விழித்தார். மனைவி போட்டு உடைத்துவிட்டாள். "உங்க லாரியைப் பார்த்துப் பயந்துட்டார் டாக்டர். இவரும் இதெல்லாம் செய்யறவர்."

டாக்டரம்மாவுக்குக் கோபம் வரவில்லை. அலமாரியைத் திறந்து, லாரியைப் பதமாக எடுத்து மேஜைமேல் வைத்தார். "அப்ப நீங்கதான் சரியான ஆள். என்ன குறை, சொல்லுங்க பார்க்கலாம்."

பழக்கதோஷம், வாய் அடங்கவில்லை. சக்கரத்தைச் சொன்னார், பசையைச் சொன்னார், வெளுத்த கண்ணாடியைச் சொன்னார். கடைசியில் கூரையைக் காட்டினார். "இதோ பாருங்க, பெயின்ட் காயறதுக்குள்ள தொட்டு, கட்டை விரல் ரேகை அப்படியே பதிஞ்சிருக்கு. எப்படி டாக்டர் இதைத் தேய்ச்சுச் சரி பண்ணாம விட்டீங்க?"

"நான் எங்க செஞ்சேன்? எனக்கு ஒரு சக்கரம்கூட மாட்டத் தெரியாது."

"நீங்க செய்யலையா?"

போன உயிர் திரும்பி வந்தது. தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்து, வாய்விட்டுச் சிரித்தார். மனைவி தலையில் அடித்துக்கொண்டாலும், அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"நாளைக்குக் காலையில எத்தனை மணிக்கு வரணும், சொல்லுங்க டாக்டர். விரல் சரியானதும் முதல் வேலையா இதைச் செஞ்சவருக்கு நானே பக்கத்துல உட்கார்ந்து சொல்லித் தரேன். கோபிச்சுக்காதீங்க, இதுல பெருமைப்பட என்னதான் இருக்கு?"

"தாராளமா சொல்லிக் குடுங்க. மரம் அறுக்கிற மில்லுல வேலை பார்க்கிறவர், இது அவர் ஒட்டின முதல் லாரி" என்ற டாக்டரம்மா, கூரையில் பதிந்திருந்த ரேகையை மெல்லத் தடவினார். "இந்தக் கட்டை விரல் என்கிட்ட வந்தப்போ, ஐஸ் பெட்டிக்குள்ள தனியா வந்துச்சு."