இருபதாயிரம் செங்கல்

“இருபதாயிரம் செங்கல்லையும் நாங்க என்ன, உப்புப் போட்டு அவிச்சுத் தின்னுட்டோமா?”

காண்டிராக்டரின் மனைவி போட்ட சத்தத்தில், மராமத்து ஆபீசின் அரைக்கதவுக்குப் பின்னால் வெள்ளைக்கார என்ஜினீயர் துரையின் நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது.

ஓவர்சியர் பேனாவைக் கீழே வைத்தார். “மெதுவா பேசும்மா. கோர்ட்டுக் கட்டடத்துக்கு சர்க்கார் சூளையிலேர்ந்து வண்டி வண்டியா கல்லு குடுத்தோம். சுவரை அளந்து பார்த்தா இருபதாயிரம் குறையுது. அதுக்கு வழி தெரியற வரைக்கும் கடைசி பில் பாஸ் ஆகாது.”

“பில் வந்தாத்தான் அடகுக் கடையிலேர்ந்து என் நகை வரும். ஆளுங்களுக்குக் கூலி குடுக்கணும்னு இவர் வந்து நின்னப்போ, காதுல கழுத்துல கிடந்தது அத்தனையும் கழற்றிக் குடுத்தேன். இதோ நிக்கிறாரே, இவரா திருடுவார்? மூஞ்சியைப் பாருங்க! திருடறதுக்கும் ஒரு சாமர்த்தியம் வேணாமா?”

காண்டிராக்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “வாடி, வீட்டுக்குப் போகலாம். போனா போகுது.”

“கேட்டுக்குங்க! போனா போகுதாம். நகை இவங்க பாட்டன் சொத்து பாருங்க!” அவள் ஓவர்சியரிடம் திரும்பினாள். “எங்க வீட்டு அடுப்படிச் சுவர் இடிஞ்சு மூணு வருஷமாச்சு. ஒரு கல்லு, ஒரே ஒரு கல்லு கொண்டுவந்து வச்சிருப்பாரா? ஆனா ஞாயித்துக்கிழமைகூட சலவைச் சட்டை போட்டுக்கிட்டு வேலை இருக்குன்னு ஓடுவார். சர்க்கார் வேலைன்னா அவ்வளவு பக்தி!”

“ஞாயித்துக்கிழமை இங்க வேலையே கிடையாதேம்மா.”

“இவருக்கு இருக்கும். உங்களை மாதிரியா?”

ஓவர்சியருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் குரலைத் தணித்துக்கொண்டார். “இதபாரும்மா, அடுத்த மாசம் கவர்னர் வந்து திறக்கப்போறார். கேஸ், வழக்குன்னு இழுத்தா துரைக்குத்தான் தலைகுனிவு. கல்லு திரும்பி வந்தாப் போதும், எவன் எடுத்தான்னு அவர் கேட்கமாட்டார்.”

“அப்படியா? வாய்ப்பேச்சு வேண்டாம், எழுதுங்க. கல்லு எந்த வீட்டுச் சுவர்ல இருந்தாலும் சர்க்கார் இடிச்சு எடுத்துக்கலாம். யார் மேலயும் கேஸ் இல்லை. அன்னிக்கே பில் பாஸ். பணம் என் கையில.”

“எதுக்குடி இதெல்லாம்?” காண்டிராக்டர் அவசரமாகக் குறுக்கிட்டார்.

“கை சுத்தமா இருக்கிறவருக்குக் கையெழுத்துப் போட என்ன பயம்? போடுங்க.”

ஓவர்சியர் அவள் சொன்னபடியே எழுதி நீட்டிவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். காண்டிராக்டர் வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டார். அதிலும் பாதி மை மேஜையில் சிந்தியது. காகிதம் அரைக்கதவுக்குள் போய், துரையின் கையெழுத்தோடு திரும்பி வந்தது.

அவள் ஈர மையை ஊதி ஊதிக் காயவைத்தாள். நாலாக மடித்துப் பையில் வைத்தாள். பிறகு அதே பையிலிருந்து துணி சுற்றிய ஒன்றைத் தூக்கி ‘ணங்’கென்று மேஜையில் வைத்துப் பிரித்தாள்.

செங்கல். நடுவில் சர்க்கார் கிரீட முத்திரை. ஒரு பக்கத்தில் புதுச் சுண்ணாம்பு.

“இது எங்கே கிடைச்சுதும்மா?”

“குளத்துக்குப் பின்னால, பச்சைக் கதவு போட்ட புது வீடு. கொல்லைச் சுவர்லேர்ந்து நேத்து நானே பெயர்த்து எடுத்தேன். என்ன கெட்டியான கட்டுமானம்கிறீங்க! உங்க கோர்ட்டுக்குக்கூட இப்படிப் பார்த்துப் பார்த்துக் கட்டியிருக்கமாட்டாங்க.”

ஓவர்சியர் அவசரமாகப் பேனாவை மையில் தோய்த்தார். “வீட்டுக்காரங்க பேரு?”

“அந்த அம்மா பேரு எனக்கெங்கே தெரியும்?” என்றவள், புருஷன் பக்கம் திரும்பினாள். “நீங்க சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை தவறாம வாய் நிறையக் கூப்பிடற பேருதானே?”